ஆசிட் ஊற்றலாமா, கம்பி விடலாமா? பழைய டிராக்டர், லாரி ரேடியேட்டர் பற்றிய விவாதம்

கொங்கு உழவன்:

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மாசி பெர்குசன் 1035. இரண்டாம் கையாக வாங்கியது. ரேடியேட்டர் இன்னும் பழைய பித்தளை வகைதான். மேல் தொட்டியிலும் பக்கத் தகட்டிலும் ஏற்கெனவே பல இடங்களில் ஈயப் பற்று வைத்த தழும்புகள் இருக்கின்றன. சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது சூடு மானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் போட்டு உழவுக் காட்டில் இறங்கினால் சிறிது நேரத்தில் முள் ஏறத் தொடங்கி, வெயில் நேரமாக இருந்தால் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. நிறுத்திக் குளிர வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஓட்டுகிறேன். ஊற்றுவது எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

உள்ளூரில் ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்கிறார். இன்னொருவர் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினிய ரேடியேட்டர் மாட்டச் சொல்கிறார். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. பழைய வண்டிகளில் கை வைத்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய லேலண்ட்:

முதலில் எதையும் ஊற்றாதீர்கள், எதையும் கழற்றாதீர்கள். நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் ரேடியேட்டர் வேலை பார்த்தே வயதானவன் நான். பட்டறைக்குத் தூக்கி வரப்படும் ரேடியேட்டர்களில் கணிசமானவை குற்றமற்றவை. குற்றம் பெல்ட்டிலோ, ஹோஸிலோ, மூடியிலோ, எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கும். ரேடியேட்டர் கண்ணுக்கு எதிரில் நிற்பதால் அடி அதற்கு முதலில் விழுகிறது.

நீங்கள் சொன்ன ஒரு செய்தி முக்கியமானது. சாலையில் சூடேறவில்லை, காட்டில் ஏறுகிறது. டீசல் எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதியில் ஒரு பகுதி புகையோடு போகிறது, இன்னொரு பெரும்பகுதி தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. ரோட்டவேட்டர் போடும்போது எஞ்சின் முழுச் சுமையில் இருக்கிறது, வண்டியோ நடை வேகத்தில் நகர்கிறது, ஆகவே முன்பக்கக் காற்று தானாக வந்து மோதாது. மின்விசிறி இழுக்கும் காற்று மட்டும்தான் துணை. எனவே காற்றின் பாதை, தண்ணீரின் பாதை இரண்டில் எது அடைபட்டிருக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

அதற்குப் பட்டறையில் நாங்கள் செய்வது இது. வண்டி நன்றாகச் சூடேறி, சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து, சுமையில் ஓடும்போது மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். ஒழுங்காக வேலை செய்யும் அமைப்பில் இது பொதுவாக 5 முதல் 10 பாகை செல்சியஸுக்குள் இருக்கும். எஞ்சின் கொதிக்கும் நிலையிலும் வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால், தண்ணீர் ஓடுகிறது, ஆனால் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று வரவில்லை என்று பொருள். மேலே கொதித்து, கீழே 20 பாகைக்கும் அதிகமாகக் குறைந்திருந்தால், தண்ணீர் மெதுவாக ஊர்கிறது என்று பொருள். உள்ளே குழாய் அடைத்திருக்கலாம், பம்ப்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கீழ் ஹோஸுக்குள் சுருள்கம்பி இருந்த வண்டிகளில் அது துருப்பிடித்து உதிர்ந்துபோனால், வேகம் கூட்டும்போது ஹோஸ் தட்டையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

துப்பாக்கி வடிவ வெப்பமானியை நம்புகிறவர்களுக்கு ஒரு சொல்: பளபளக்கும் பித்தளையிலும் செம்பிலும் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ரப்பர் ஹோஸிலோ, கறுப்புப் பெயின்ட் அடித்த இடத்திலோ காட்டுங்கள்.

அப்புறம், வண்டி குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, மேல் தொட்டியில் குமிழிகள் விடாமல் வருகின்றனவா என்று கவனியுங்கள். வந்தால் அது கேஸ்கெட் பேச்சு. ரேடியேட்டரை எத்தனை முறை கழுவினாலும் தீராது. தண்ணீரில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் எண்ணெய் மிதந்தாலும் அப்படித்தான்.

டெல்டா நெல்:

மேலே சொன்னதில் காற்றுப் பக்கத்தைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் சேற்றுழவுக்குக் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி இறங்கும் வண்டிகளும், அறுவடைக்குப் பின் வைக்கோல் கட்டும் இயந்திரம் இழுக்கும் வண்டிகளும் சூடேறுவதற்குப் பெரும்பாலும் வெளி அடைப்புதான் காரணமாக இருக்கிறது. பதர், உமி, வைக்கோல் தூசு ஆகியவை மட்டும் இருந்தால் அவை உலர்ந்து உதிர்ந்துவிடும். ஆனால் எஞ்சினின் முன்பக்க ஆயில் சீல் கசிந்தாலோ, ஆயில் மூச்சுக்குழாய் புகைந்தாலோ, அந்த எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துக் களிமண் பூசியதுபோல் இறுக்கிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத் தெரியும்; அடைப்பு நடு ஆழத்தில், இரண்டாவது, மூன்றாவது வரிசைக் குழாய்களுக்கு இடையில் உட்கார்ந்திருக்கும். இரவில் எஞ்சின் பக்கம் ஒரு விளக்கைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத பரப்பு எவ்வளவோ அவ்வளவும் உங்களுக்கு இல்லாத ரேடியேட்டர்.

கழுவும் திசை முக்கியம். விசிறி காற்றை முன்னாலிருந்து எஞ்சினை நோக்கி இழுக்கிறது. குப்பையும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. ஆகவே தண்ணீரும் காற்றும் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் போக வேண்டும். முன்னாலிருந்து பீய்ச்சினால் குப்பை இன்னும் ஆழமாகப் போய் இறுகும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் அழுத்தத் துப்பாக்கியை அருகில் வைத்து அடிப்பவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். குழாய்களுக்கு இடையிலுள்ள செம்பு இதழ்கள் காகிதம்போல் மெல்லியவை, ஒரே நொடியில் படுத்துவிடும், படுத்த இதழ் காற்றை மறிக்கும் சுவர். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் சலவைத்தூள் கரைத்த வெந்நீரைத் தெளித்து ஊறவிட்டு, சாதாரணத் தோட்டத்துக் குழாயின் அழுத்தத்தில், நேர்க்கோட்டில், மேலிருந்து கீழாகக் கழுவிக்கொண்டு வாருங்கள். வடிகிற நீர் கலங்கல் நின்று தெளிவாகும்வரை விடக் கூடாது. மடிந்த இதழ்களை மெல்லிய தகட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் செலவில்லாதது.

விசிறியைச் சுற்றியிருக்கும் தகட்டுக் கவசம் பல பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கும். யாரோ எப்போதோ பெல்ட் மாற்றும்போது கழற்றி ஓரமாக வைத்ததுதான். அது இல்லாவிட்டால் விசிறி, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றை இழுக்காமல் தன்னைச் சுற்றியிருக்கும் சூடான காற்றையே கடைந்துகொண்டிருக்கும். விசிறியை முன்பின்னாக மாட்டிய வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

நெடுஞ்சாலை:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? கழிவறை கழுவும் ஆசிட் ஒரு பாட்டில் ஊற்றி அரை மணி நேரம் ஓட்டி வடித்தால் உள்ளே பொன்போல் மின்னும். நாங்கள் டாட்டா 1210 லாரிக்கு இப்படித்தான் செய்தோம்.

வேதிக்கூடம்:

பொன்போல் மின்னியது உண்மையாகவே இருக்கும். மின்னுவது புதிதாக அரிக்கப்பட்ட உலோகம். அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புப் படிவை அது வேகமாகக் கரைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் படிவு கரைந்து முடிந்ததும் அது நிற்காது. எஞ்சினின் வார்ப்பிரும்பைத் தின்னும். பித்தளையிலிருந்து துத்தநாகத்தை உருவி, குழாயைச் செம்பு நிறமான நொய்ந்த பஞ்சாக்கிவிடும். ஈயப் பற்றின் ஓரங்களையும் விட்டுவைக்காது. பழைய ரேடியேட்டரில் சில இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தப் படிவுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவிரவும், அதே தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் மிச்சம் இருந்தால் குளோரின் வாயு கிளம்பும்; அது விளையாட்டல்ல.

முதலில் உள்ளே இருப்பது எதுவென்று அறிய எளிய சோதனை உண்டு. மேல் தொட்டியின் வாய்க்குள், மூடிக்குக் கீழே, ஸ்குரூ டிரைவரின் நுனியால் சிறிது சுரண்டி எடுங்கள். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் கால்சியம் கார்பனேட், அதாவது உப்புத் தண்ணீரின் படிவு. நுரைக்காமல் செங்கல் நிறத்தில் குழைந்தால் எஞ்சின் பிளாக்கிலிருந்து வந்த துரு. வழவழவென்று விரலில் ஒட்டினால் எண்ணெய். மூன்றுக்கும் மருந்து வேறு.

எண்ணெய் இருந்தால் முதலில் அதைப் போக்க வேண்டும். எண்ணெய் பூசிய படிவை எந்த அமிலமும் தொடாது. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி எஞ்சினைச் சூடேற்றி வடித்தால் போதும். அலுமினியப் பாகங்கள் உள்ள வண்டியில் இதையும் நெடுநேரம் வைக்கக் கூடாது; காஸ்டிக் சோடாவோ அறவே கூடாது.

சுண்ணாம்புக்கும் துருவுக்கும் எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதுமானது. லிட்டருக்கு 50 கிராம் அளவு. 10 லிட்டர் கொள்ளும் அமைப்புக்கு அரைக் கிலோ. கணக்குப்படி அது 300 கிராமுக்கு மேல் சுண்ணாம்பைக் கரைக்க வல்லது. கரைசலை ஊற்றி, எஞ்சினை வெதுவெதுப்பு வரும்வரை ஓட்டி, சில மணி நேரத்துக்குள் வடித்துவிடுங்கள். இரவு முழுவதும் ஊறட்டும் என்று விடாதீர்கள். அதிகச் சூட்டிலும் நெடுநேரத்திலும் கால்சியம் சிட்ரேட் வெண்சேறாகப் பிரிந்து, கரைத்த குழாயிலேயே மீண்டும் தங்கிவிடும். வடித்தபின் நல்ல நீரால் அலசி, ஆப்பச் சோடா சிறிது கரைத்த நீரை ஒருமுறை ஓட்டி அமிலத்தை முறித்து, மறுபடியும் நல்ல நீரால் அலச வேண்டும். மூடியைத் திறந்தே வைத்துச் செய்யுங்கள், படிவு கரையும்போது கரியமில வாயு வெளியேற வழி வேண்டும்.

படிவு எப்படிச் சேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் சிதைந்து கரையாத கார்பனேட்டாகி, மிகச் சூடான பரப்பில் ஒட்டுகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலை, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. 600 உள்ள நீரை 10 லிட்டர் நிரப்பினால் அதிலிருந்து வரக்கூடியது அதிகபட்சம் 6 கிராம். அதனால் எந்த ரேடியேட்டரும் அடைக்காது. ஆபத்து மேலூற்றில், அதாவது குறைந்த அளவை நிரப்ப மேலே ஊற்றுவதில் இருக்கிறது. நாள்தோறும் 2 லிட்டர் மேலூற்றினால் நாளொன்றுக்கு 1.2 கிராம், 100 நாளில் 120 கிராம். ஆவியாகிப் போகும் தண்ணீர் தன் உப்பை உள்ளேயே வைத்துவிட்டுப் போகிறது. கொதிப்பதால் ஊற்றுகிறோம், ஊற்றுவதால் அடைக்கிறது, அடைப்பதால் கொதிக்கிறது. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தப் படிவு கடத்தாது என்பதால் முட்டை ஓட்டுக் கனம் சேர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

ரிக் வண்டி:

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பல மாநிலம் சுற்றியவன். கம்ப்ரசர் எஞ்சின் நின்ற இடத்தில் முழுச் சுமையில் ஓடும். பாறைத் தூள் பறந்து ரேடியேட்டரில் படியும். டெல்டா நண்பர் சொன்ன விளக்குச் சோதனை எங்களுக்கும் பொருந்தும். ஒரே ஒரு சேர்க்கை: பாறைத் தூள் ஈரமானால் சிமெண்டுபோல் பிடிக்கும், ஆகவே முதலில் உலர்ந்த காற்றால் பின்னாலிருந்து ஊதிவிட்டுத்தான் தண்ணீர் படவேண்டும்.

வழியில் ஒழுகினால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. சத்தியமங்கலம் மலைப்பாதையில் பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். பழைய லாரி பாரத்தோடு ஏறும்போது பாதியில் குழாய் ஒழுகினால் பட்டறை கிடையாது. மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது ஓட்டுநர்களின் பழைய கைமருந்து. ஊசித்துளைகளில் அது தங்கி வீங்கி அடைக்கும். வெளியில் தெரியும் விரிசலுக்கு எம்-சீல் பசையைப் பிசைந்து, தண்ணீரை வடித்து, உலர்த்தி ஒட்டினால் ஊர் வந்து சேரலாம். மூடியை முழுவதும் இறுக்காமல் முதல் படியில் மட்டும் வைத்தால் அழுத்தம் ஏறாது, ஒழுக்கும் குறையும். ஆனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் மெதுவாக ஓட்ட வேண்டும்.

பழைய லேலண்ட்:

மஞ்சள் தூளைப் பற்றி: ஊர் வந்து சேர்வதற்கு என்ற அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஊர் வந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் தொல்லை. துளையை அடைத்த அதே பொருள் நல்ல குழாயையும் அடைக்கும். அப்படிப்பட்ட ரேடியேட்டரின் மேல் தொட்டியைக் கழற்றினால் ரசவண்டல்போல் மஞ்சள் சேறு அடியில் நிற்கும்.

கொதிக்கிற வண்டியைப் பற்றி ஒன்று. கொதித்ததும் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள், மூடியைத் தொடாதீர்கள். சுமையை நீக்கி, நிதான வேகத்தில் ஓடவிட்டு முள் இறங்கிய பிறகே நிறுத்துங்கள். தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போயிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். காய்ந்த பிளாக்கில் குளிர்ந்த நீர் ஊற்றி ஹெட் வெடித்த வண்டிகள் ஏராளம். மூடியின் அழுத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது: சதுர அங்குலத்துக்கு ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உயர்கிறது. 7 பவுண்டு மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 110 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் தண்ணீரில் ஒரு பகுதி ஒரே கணத்தில் ஆவியாகி, கொதிநீரோடு பீறிட்டு முகத்தில் அடிக்கும். ரப்பர் வளையம் காய்ந்த மூடியை மாற்றுவதுதான் இந்த வேலையிலேயே மலிவான பழுது. வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடந்தால், மூடியின் நடுவிலுள்ள சிறிய உறிஞ்சு வால்வு ஒட்டிக்கொண்டது என்று அறியலாம்.

கொங்கு உழவன்:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். குமிழி இல்லை, எண்ணெய் இல்லை. பெல்ட் தளர்ந்திருந்தது, இழுத்துவிட்டேன். விளக்குப் பிடித்துப் பார்த்ததில் கீழ்ப்பாதியில் பாதிக்கு மேல் இருட்டு; கழுவக் கழுவ மக்காச்சோளச் சருகும் மண்ணும் வந்துகொண்டே இருந்தன. கழுவிய பிறகு முன்னைவிட நன்றாகத் தாங்குகிறது, ஆனால் நடுப்பகலில் இன்னும் ஏறத்தான் செய்கிறது. மேலும் கீழும் வேறுபாடு 20-க்கும் மேல். சுரண்டிய படிவில் எலுமிச்சை பிழிந்ததும் பொங்கியது. வண்டி சூடான நிலையில் அணைத்துவிட்டு, விசிறி நின்றபின் ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தேன்; இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை வெதுவெதுப்புகூட இல்லாமல் கிடக்கிறது. சிட்ரிக் அமிலம் ஊற்றி வடித்ததில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது, அந்தப் பட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று: தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. முந்தைய உரிமையாளர் எடுத்திருக்கிறார்.

பழைய லேலண்ட்:

முழுவதும் அடைத்த குழாய்க்குள் அமிலம் நுழையாது; ஓட்டம் இருக்கும் குழாயைத்தான் அது சுத்தம் செய்யும். உங்கள் இடது பட்டைக்கு இனிக் குழாய்க்குள் கம்பி விட்டுத் துருவுவதுதான் வழி. கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம்.

தெர்மோஸ்டாட் இல்லாததைச் சூட்டுக்கு மருந்து என்று நம் பகுதியில் பலரும் நினைக்கிறார்கள். பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அந்தக் குறுக்கு வழியை அடைக்கும்படி அமைத்திருப்பார்கள். அதைப் பிடுங்கிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அது போக, காலையில் நெடுநேரம் எஞ்சின் குளிர்ந்தே ஓடுவதால் சிலிண்டர் தேயும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். உங்கள் வண்டிக்குரிய பாகத்தையே வாங்கி, மாட்டும் முன் ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கி, அதன்மேல் பொறித்திருக்கும் பாகையை ஒட்டித் திறக்கிறதா என்று பாருங்கள். 82 என்று பொறித்திருப்பது வழக்கமானது. பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்க வேண்டும்.

இனிப் பட்டறை வேலை. நீங்கள் செய்யப்போவதில்லை என்றாலும், செய்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மேல் தொட்டியைச் சுற்றியிருக்கும் பற்றை எரிவாயுச் சுடரால் உருக்கித் தொட்டியைப் பிரிப்பார்கள். உள்ளே தட்டையான குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வாயிலும் குழாயின் அகலத்துக்கு ஏற்ற மெல்லிய எஃகுப் பட்டைக் கம்பியை விட்டு, தண்ணீரை விட்டுக்கொண்டே, மறுமுனை வரும்வரை மெதுவாக மேலும் கீழும் இழுக்க வேண்டும். இடிக்கக் கூடாது. குழாயின் சுவர் மிக மெல்லியது. இறுகிய இடத்தில் பலம் காட்டினால் கம்பி குழாயைக் கிழித்துக்கொண்டு இதழுக்குள் போய்விடும். எத்தனை குழாய் திறந்தன, எத்தனை திறக்கவில்லை என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள். கிழிந்த குழாயின் இரு முனைகளையும் ஈயத்தால் அடைத்துவிடுவார்கள். நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்து வரை இப்படிச் சாகடித்தால் பெரிய இழப்பில்லை. அதற்கு மேல் போனால் கோர், அதாவது குழாயும் இதழும் சேர்ந்த நடுப்பகுதியை, மாற்ற வேண்டியதுதான்.

பற்றைப் பற்றி. காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்த பற்று 183 பாகையில் இளகத் தொடங்குகிறது. கலவையைப் பொறுத்து 200-க்கும் 255-க்கும் இடையில் முழுதாக உருகும். ஓட்டையை அடைக்கும் இடம் உலோகம் பளிச்சென்று தெரியும்படி சுரண்டப்பட்டிருக்க வேண்டும். பச்சைக் களிம்போ பழைய பெயின்ட்டோ மிச்சமிருந்தால் ஈயம் உருண்டையாக மேலே உட்காருமே தவிர ஊடுருவாது. பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் வைத்து ஈயம் பூசுகிறவர்களிடம் இருந்த ஒழுங்குதான் இதற்கும்: முதலில் பரப்பு, பிறகு மெல்லிய பூச்சு, அதன் பிறகே நிரப்பல். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது சூட்டைக் குடித்துவிடும், பற்று பிடிக்காது. பக்கத்துப் பற்றுகள் உருகாமல் இருக்க ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும். பித்தளைக் கம்பி வைத்து கேஸ் வெல்டிங் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் ரேடியேட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தச் சூடு 600 பாகைக்கு மேல். ஒரு விரிசல் மூடும், சுற்றியிருக்கும் பத்துக் குழாய்களின் வேர் கழன்றுவிடும்.

உங்கள் மேல் தொட்டியில் ஒரே இடத்தில் பல தழும்புகள் இருக்கின்றன என்றால் குற்றம் பற்றில் இல்லை. டிராக்டரின் முன் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. வரப்பில் ஏறி இறங்கும் ஒவ்வொரு அடியும் நேராக ரேடியேட்டருக்கு வருகிறது. அடியில் இருக்கும் ரப்பர் மெத்தைகள் கல்லாகிவிட்டனவா, பக்கத் தாங்கியின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பற்று வைத்தால் அதே இடம் மீண்டும் விடும்.

மாட்டும் முன் சோதனை அவசியம். வாய்களை ரப்பர் தக்கையால் அடைத்து, நீர்த்தொட்டியில் முழுக்கி, மூடியின் அளவை ஒட்டி 7 முதல் 10 பவுண்டு காற்று ஏற்றிக் குமிழி பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் பழைய தொட்டி உப்பிவிடும். கடைசியாக, மெல்லிய கறுப்புப் பெயின்ட் ஒரு கை மட்டும். தடித்த எனாமலை இரண்டு கை அடித்துப் புதிதுபோல் காட்டுவது விற்பதற்கு உதவும், குளிர்விக்க உதவாது.

ஈயப் புகையை மூக்கருகே வைத்துச் செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலைப் பெட்டியைத் தொடக் கூடாது. இது என் பட்டறையில் சட்டம்.

நெடுஞ்சாலை:

கோர் மாற்றுவதானால் அலுமினியமே மாட்டிவிடலாமே? எடையும் குறைவு.

பழைய லேலண்ட்:

புதிய வண்டிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. அதைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். ஆனால் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் கோரும் ரப்பர் பட்டை வைத்து மடித்து இறுக்கப்பட்டவை. ஊர்ப் பட்டறையில் ஈயப் பற்று வைக்க முடியாது. வெறும் போர்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் மாறாதவரிடம் அது நெடுநாள் நிற்காது. பித்தளைக் கோர் மாற்றினால், பழையது எத்தனை வரிசை, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இதழ் என்று முன்பே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வரிசையை எடுத்துவிட்டு மூன்று வரிசை மாட்டித் தரும் இடங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது, முதல் உழவில் தெரியும். இதழ் நெருக்கமாக இருந்தால் குளிர்ச்சி அதிகம் என்று ஆசை காட்டுவார்கள். தூசுக் காட்டில் நெருக்கமான இதழ் சீக்கிரம் அடைக்கும். கழற்றிய பழைய கோரைக் கேட்டு வாங்குங்கள். அது செம்பும் பித்தளையும். பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை நல்ல விலை போகும் பொருள்.

கொங்கு உழவன்:

கம்பி விட்டு, பற்று வைத்து, சோதித்து மாட்டியாயிற்று. பக்கத்தில் நின்று எண்ணினேன். இரண்டு குழாயைத் தவிர மற்றவை திறந்துவிட்டன. மெத்தை ரப்பர் உண்மையிலேயே கல்லாகத்தான் இருந்தது, மாற்றினேன். தெர்மோஸ்டாட்டும் புதிது. நடுப்பகலில் ரோட்டவேட்டர் போட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை. வேறுபாடு 8 பாகை.

இனி எந்தத் தண்ணீர் ஊற்றுவது? வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது.

வேதிக்கூடம்:

ஆர்.ஓ. இயந்திரத்தில் குடிக்கக் கிடைக்கும் நீரை எடுங்கள். பக்கக் குழாயில் கழிவாக வெளியேறுவதை அல்ல, அதில் உப்பு இன்னும் அதிகமாக இருக்கும். ஓட்டு வீட்டிலோ சிமெண்டுத் தளத்திலோ முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் துணியில் வடிகட்டிப் பிடித்த நீரும் நல்லது. பேட்டரிக்கு விற்கும் வாலை வடிநீர் எல்லாவற்றிலும் சிறந்தது.

ஆனால் உப்பில்லாத நீர் மட்டும் போதாது, அது துருவைத் தடுக்காது. நம் ஊரில் பனி உறையாததால் கூலன்ட் எனும் குளிர்விப்புத் திரவம் தேவையில்லை என்பது தவறான கணக்கு. நமக்கு வேண்டியது அதிலுள்ள துருத்தடுப்பான். புட்டியில் உள்ளது அப்படியே ஊற்றும் வகையா, நீர் கலக்க வேண்டிய வகையா என்று படித்துப் பாருங்கள். கலக்க வேண்டியதானால் வாளியில் முதலில் கலந்து பிறகு ஊற்றுங்கள். மேலூற்றுக்கும் அதே கலவையை ஒரு கேனில் வண்டியிலேயே வைத்திருங்கள். வெறும் நீரை ஊற்றிக்கொண்டே போனால் தடுப்பான் நீர்த்துப்போகும். துருத்தடுப்பான் காலப்போக்கில் தீர்ந்துவிடும் என்பதால் புட்டியில் போட்டிருக்கும் கெடுவில் முழுவதும் வடித்து மாற்ற வேண்டும்.

வடிக்கும்போது கவனம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சு. நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும். களத்தில் திறந்துவிடாமல் தொட்டியில் பிடித்து மூடி வையுங்கள்.

டெல்டா நெல்:

வடித்ததை அளந்தும் பாருங்கள். கையேட்டில் சொன்ன கொள்ளளவைவிட ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், உள்ளே மறுபடியும் படிகிறது, அல்லது பிளாக்கின் வடிகுழாய் அடைத்து அடியில் சேறு நிற்கிறது. பலர் ரேடியேட்டரின் அடிக்குழாயை மட்டும் திறக்கிறார்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கத்திலும் ஒன்று இருக்கும். திருகைத் திறந்ததும் தண்ணீர் வரவில்லையென்றால் காலியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள், ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள்.

கொங்கு உழவன்:

குத்திப் பார்த்தேன். ஒரு சொம்பு அளவு செஞ்சேறு வந்த பிறகுதான் தண்ணீர் வந்தது. தெளியும்வரை குழாய் நீரை மேலிருந்து விட்டு அலசிவிட்டு, கூலன்ட் கலவையை நாளை ஊற்றுகிறேன்.